இசை: ஜோபின்

ராயபுரம்
10 பிப்ரவரி 2024, சனி

அன்பு ஷாலு,

அண்ணன் எழுதுறேன். இங்க நான் சுகம். சர்க்கரை மட்டும் ஏறி எறங்கிக்கினு இருக்கு. உனக்கு முட்டி வலி தேவலையா? புதன்கிழமை தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் உங்க மடத்துல கடுதாசி உள்ள போகாது, வெளிய வராது. அதுக்கு முன்னாடி சேரட்டும்னு அவசரமா எழுதுறேன். முதல்ல பிரிச்சுப் படிக்கப் போற மடத்துத் தலைவி மதருக்கும் என் வணக்கம்.

அம்மாவோட ரெண்டாம் வருஷப் பூசை போன மாசம் நம்ம கோயில்ல நடந்துச்சு. நானே கீபோர்டு வாசிச்சேன். கூட்டம் சுமார். வேற விசேஷம் இல்ல.

ஒரு சேதி சொல்லணும். எண்ணூர்ல நான் வேலை பாக்கிற கன்டெய்னர் யார்டுல, பழைய மரச்சாமான்னு ஐரோப்பாவுலேருந்து வந்த பெட்டி ஒண்ணு எடுக்க ஆளில்லாம ரெண்டு வருஷமா வெயில்ல கிடந்துச்சு. ஏலத்துல, பழைய சாமான் வாங்கி விக்கிற வண்ணாரப்பேட்டை பிலால் பாய் எடுத்தார். தொறந்தா, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு பியானோ! "இன்னா ஜோபினு, இத்த எவன் வாங்குவான்? ஒடச்சா வெறகுக்காவது ஆவுமா?"ன்னு கேட்டார். யார்டு கேட்டுல டிரெய்லர் நம்பர் எழுதுறத அப்படியே விட்டுட்டு ஓடினேன். பாதிக் கட்டைங்க பேசுது. பாதி ஊமை.

அதோட ஸ்டூலுக்குள்ள ஒரு நொட்டேஷன் புத்தகம் இருந்துச்சு. அட்டையில 'ஜே. ஸ்டென்பெர்க், 1861'னு போட்டிருக்கு. மொத்தம் பன்னண்டு உருப்படி. ஃபோனை மேல காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன்: நாலாவது உருப்படிக்குப் பேரு 'பனியில் உறைந்த துறைமுகம்'. அதோட ஜெராக்ஸை இதுல வெச்சிருக்கேன். எனக்கு எடது கை வரமாட்டேங்குது. நீ பார்த்துட்டுச் சொல்லு. உன்னை விட்டா எனக்குக் கேக்க ஆளில்ல.

ஜெபத்துல என்னையும் சேத்துக்க.

அண்ணன்
ஜோபின்

தியான மடம், திண்டுக்கல் அருகே
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நான் நலம். முட்டி வலி இருக்கிறது, முழங்காலிடுவதை விட முடியாது, ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை போடுகிறாயா? இரவில் சோறு சாப்பிடாதே.

உன் கடிதம் திருநீற்றுப் புதனன்று வந்து, அலமாரியில் நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்து, ஈஸ்டர் திங்களன்று என் கைக்கு வந்தது. இங்கே பதினான்கு பேர் இருக்கிறோம். எனக்கு இன்னமும் பூசைக்கு அப்பம் சுடும் வேலைதான். காலையில் அச்சு சூடாகும்வரை கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் உன் ஜெராக்ஸைப் படித்தேன். இங்கே பியானோ கிடையாது, சுருதி பிடிக்க ஒரு ஆர்மோனியம் மட்டும். படித்தாலே போதும், கேட்கிறது.

இடது கையில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருகிறதே, அதை நீ தாளம் என்று நினைத்து அடிக்கிறாய் என்று நினைக்கிறேன். அது தாளம் இல்லை. பனியில் மாட்டி நகர முடியாமல் நிற்கும் கப்பல். அடிக்காதே, மெதுவாக வை. மூன்றாம் பக்கத்தில் நாலாவது விரலில் தொடங்கு, பெருவிரல் தானாக இடத்துக்கு வரும்.

யார் இந்த ஜே.? எட்டுக் கட்டைக்கு மேல் எங்குமே கை விரியவில்லை. என் கையைப் போலச் சின்னக் கை. பெண்ணாக இருப்பாளோ?

அம்மாவின் பூசையன்று நானும் இங்கே நினைத்துக்கொண்டேன்.

அன்புடன்
சிஸ்டர் அருள்மரி (ஷாலு)

ராயபுரம்
12 மே 2024

அன்பு ஷாலு,

இங்க எல்லாம் நலம். கத்திரி வெயில் மண்டையப் பொளக்குது. உங்க பக்கம் மலைக்காத்து வரும், அதிர்ஷ்டக்காரி.

நீ சொன்னது சரி, பொம்பளைதான்! புத்தகத்துல அச்சுப் போட்ட ஊர் பேரு இருந்துச்சு. பால்டிக் கடலோரம் ஒரு துறைமுகம். அந்த ஊர் நூலகத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டேன். அங்க ஒரு அம்மா பதினோரு நாள்ல நாலு பக்கம் பதில் எழுதினாங்க. இத்தனை வருஷத்துல இவங்களைப் பத்திக் கேட்ட மூணாவது ஆள் நானாம்.

பேரு யோஹானா ஸ்டென்பெர்க், அங்க ஜே-யை 'ய'ன்னுதான் சொல்வாங்களாம். 1831ல பொறந்தவங்க. அப்பா கப்பலுக்குக் கயிறும் பாயும் விக்கிறவர். பதினேழு வயசுல முதல் கச்சேரி, அஞ்சு ஊர்ல பேரு. இருபத்திநாலுல ஒரு மர வியாபாரியைக் கட்டினாங்க. அவரு வாசிக்காதேன்னு ஒரு நாளும் சொல்லல. விருந்தாளி வந்தா மட்டும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், அவ்ளோதான். இந்தப் புத்தகம் அச்சுப் போடும்போது, பொம்பளை பேரு போட்டா விக்காதுன்னு புத்தகக் கடைக்காரர் வெறும் 'ஜே.' போட்டுட்டார். ஒரு பத்திரிகை, 'உறுதியான ஆண் கை'ன்னு பாராட்டி எழுதிச்சாம். இவங்க மறுத்து ஒரு வரி எழுதல.

புருஷன் போனப்புறம் முப்பது வருஷம் புள்ளைங்களுக்கு வாசிக்கக் கத்துக்குடுத்து ஓட்டினாங்க. குளிர் காலத்துல பியானோ ரூமுக்கு அடுப்பு மூட்ட விறகு இல்லாம, கையுறையோட விரல் நுனிய வெட்டிட்டு வாசிப்பாங்களாம். கருப்பு ரொட்டியும் உப்பு மீனும்தான் ராத்திரிக்கு. 1899ல போயிட்டாங்க. ஒரு தோழிக்கு எழுதின கடுதாசி மட்டும் நூலகத்துல இருக்காம். அதுல ஒரு வரி: "என் பாட்டுகளை ஊருக்குத் தெரியும், என்னைத் தெரியாது. பெரும்பாலான நாட்களில் அது போதுமாக இருக்கிறது."

அப்புறம், இந்த டிசம்பர் வந்தா சுனாமிக்கு இருபது வருஷம். கடலோரப் பங்குக் கோயில் எல்லாம் சேர்ந்து நம்ம கோயில்ல 'வெறும் வலையோடு வந்தோம்' பாடணும்னு ஃபாதர் சொல்லிக்கினு இருக்கார். பாக்கலாம்.

மதருக்கு வணக்கம்.

அண்ணன்
ஜோபின்

தியான மடம்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தூய ஆவியின் ஆறுதல் உன்னோடு. நலம், நலமறிய ஆவல். மழை இல்லை. கிணறு கீழே போய்விட்டது, தோட்டத்துக்குக் குடத்தில் சுமக்கிறோம்.

யோஹானா அம்மாளின் வாழ்க்கையை எழுதியதற்கு நன்றி. உணவு நேரத்தில் வாசிக்க அனுமதி கேட்டேன், கிடைத்தது.

ஒரு வரியை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "பெரும்பாலான நாட்களில்" என்று எழுதியிருக்கிறாள். மீதி நாட்களில் என்ன செய்தாள்? நூலகத்து அம்மாவுக்குத் தெரிந்தால் கேட்டு எழுது.

பாட்டு என்றதும் ஞாபகம் வந்தது. இங்கேயும் ஒவ்வொரு டிசம்பர் 26 அன்று 'வெறும் வலையோடு வந்தோம்' பாடுகிறோம். தாளில் 'இசை: ஜோபின், ராயபுரம்' என்று இருக்கும். புதிதாக வந்த நவசந்நியாசி ஒருத்தி போன வருடம் கேட்டாள், "சிஸ்டர், இது உங்க அண்ணனாமே, நிஜமா?" என்று. ஆமாம் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிஸ்டர் அருள்மரி (ஷாலு)

ராயபுரம்
18 ஆகஸ்ட் 2024

அன்பு ஷாலு,

ரெண்டு மாசமா எழுதல, கோச்சுக்காத. ஜூலைல காய்ச்சல். அப்புறம் யார்டுல ஆள் பத்தாம ரெட்டை ஷிஃப்டு. எண்ணூர் ரோடு முழுக்க டிரெய்லர் நின்னுடுச்சுன்னா வூட்டுக்கு வரவே மூணு மணி நேரம். அதான். நீயும் சிஸ்டருங்களும் சுகமா? கிணத்துல தண்ணி வந்துச்சா?

பிலால் பாய் குடோனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. "எத்துனு போ ஜோபினு, துட்டு வாணாம், கறையான் ஏறுது"ன்னார். ஆறு பேர் சேர்ந்து நம்ம சந்துல அந்தப் பியானோவைத் தூக்கிக்கினு வந்தோம். வாசப்படியில திரும்பல, ஜன்னல் கம்பிய அறுத்து உள்ள விட்டோம். அம்மா கட்டில் இருந்த எடத்துல இப்ப அதுதான் நிக்குது. ஊமைக் கட்டைங்களை ஒண்ணொண்ணா எழுப்பிக்கினு இருக்கேன்.

நீ சொன்ன மாதிரி எடது கைய அடிக்காம வெச்சுப் பார்த்தேன். வருது. மாடி வூட்டு ஜன்னத் அக்கா எறங்கி வந்து கதவண்ட நின்னாங்க. "இன்னாபா, யாரு வூட்ல சாவு? இப்டி வாசிக்கிற?"ன்னு கேட்டாங்க. சாவு இல்லக்கா, இது கப்பல்னேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "கப்பலுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ துக்கம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஷாலு, உன்கிட்ட ஒண்ணு எழுதணும்னு பார்க்கிறேன். ஆனா கடுதாசிய மதர் படிப்பாங்களே. போவட்டும், இன்னொரு நாளைக்கு.

அண்ணன்
ஜோபின்

தியான மடம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். காய்ச்சல் விட்டதா? தனியாக இருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஜன்னத் அக்காவிடமாவது சொல்.

பழைய மதர் மே மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். புதிய மதர் யாருடைய கடிதத்தையும் பிரிப்பதில்லை. உன் கடைசி இரண்டு கடிதங்களையும் நான்தான் முதலில் பிரித்தேன். போன தடவையே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ஆகையால் நீ எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம்.

கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

சிஸ்டர் அருள்மரி (ஷாலு)

ராயபுரம்
6 அக்டோபர் 2024

ஷாலு,

நலம் விசாரிக்கக் கூட கை வரல. மூணு வாரமா இந்தப் பேப்பரை வெச்சுக்கினு உக்காந்திருக்கேன். எழுதிடறேன்.

2005 ஜனவரி. கடல் வந்துட்டுப் போய் மூணு வாரம். நீ எண்ணூர் கேம்ப்ல சிஸ்டருங்களோட இருந்தே. முப்பதாம் நாள் பூசைக்குப் பாட முடியுமா பாருன்னு ரூல்டு பேப்பர்ல பென்சில்ல எழுதி, பால் வேன்காரர்கிட்ட குடுத்து அனுப்பினே. மேல பேரு எதுவும் இல்ல. நான் கோயில்ல அதை வாசிச்சுப் பார்த்துக்கினு இருந்தேன். அப்ப இருந்த ஃபாதர் பின்னால வந்து நின்னது எனக்குத் தெரியாது. முடிச்சதும் கண்ணைத் தொடச்சுக்கினே, "யாருடா போட்டது?"ன்னு கேட்டார்.

நான்தான் ஃபாதர்னேன்.

அவ்ளோதான். யோசிக்கவே இல்ல. எனக்கு இருபத்தாறு வயசு, வேலை இல்ல, பியானோ பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயிலு. நீ ஒரே தடவையில பாஸ். அதுக்கு முன்னாடி யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்ல. அப்புறமா திருத்திக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள தாள் அச்சாயிடுச்சு. 'இசை: ஜோபின்.' சி.டி. வந்துச்சு. கடலோரம் பூரா பாடினாங்க. அந்தப் பேரை வெச்சுத்தான் கோயில்ல கீபோர்டு எடம் கெடைச்சுது. பங்குப் பேரவை ஆள் ஒருத்தர் சொல்லித்தான் யார்டு வேலையும் கெடைச்சுது. நான் தின்ற சோறே உன் பாட்டு போட்டது.

நீ கேம்ப்லேருந்து திரும்பி வந்த ஞாயித்துக்கிழமை கோயில் நெறைய அதைத்தான் பாடிக்கினு இருந்தாங்க. நீ பின்வாசல்ல நின்னே. நான் பார்த்தேன். பூசை முடிஞ்சு என்கிட்ட வந்து, "ரெண்டு கட்டை ஏத்திட்டியேண்ணா, பொம்பளைங்களுக்கு எட்டாது"ன்னு மட்டும் சொன்னே. அன்னிக்கு நீ என் சட்டையப் புடிச்சிருந்தா நான் பொழைச்சிருப்பேன்.

அடுத்த வருஷம் ஜூன்ல மடத்துக்குப் போயிட்டே.

நீ போனது அதனாலயா ஷாலு? பதினெட்டு வருஷமா இதைக் கேக்க முடியாமத்தான் உன்னைப் பார்க்க வரல. 2009ல அம்மாவோட ஒரே ஒரு தடவை வந்தேன். கிராதிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு நீ சிரிச்சே. நான் அம்மாவைப் பேச விட்டுட்டு வெளிய போய் வேப்பமரத்தடியில நின்னுக்கினேன்.

அம்மா எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. ஆனா கோயில்ல அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒரு வருஷமும் வாய் தொறக்கல.

ஜோபின்

ராயபுரம்
24 நவம்பர் 2024

அன்பு ஷாலு,

நலமா? ஏழு வாரம் ஆச்சு, பதில் இல்ல. தபால்ல எங்கயாவது போச்சா, இல்ல உனக்கே எழுத மனசு வரலையா, தெரியல. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா ஜன்னலாண்ட போய் நிக்கிறேன். கம்பி அறுத்த ஜன்னல், எட்டிப் பார்க்க வசதியா இருக்கு.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் ஆரம்பம். அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்க கதவு மூடிடும். அதுக்கு முன்னாடி ஒரு வரியாவது போடு. திட்டியாவது போடு.

26ஆம் தேதி பதினோரு பங்குலேருந்து வர்றாங்க. எனக்கு சால்வை, கேடயம் எல்லாம் அடிச்சாச்சு. நெருப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கு. அன்னிக்கு மைக்ல உண்மைய சொல்லிடலாமான்னு பார்க்கிறேன். நீ சொல்லுன்னா சொல்லிடறேன். வேணாம்னா வாய மூடிக்கிறேன். நீ என்ன சொல்றியோ அது.

ஜோபின்

தியான மடம்
29 நவம்பர் 2024

அண்ணா,

இன்னாத்துக்குண்ணா இப்போ எழுதினே? இத்தினி வருஷம் கம்முனு இருந்துட்டு, இப்போ இன்னாத்துக்கு?

இப்படிப் பேசி எனக்கு வருடங்கள் ஆகின்றன. உன் அக்டோபர் கடிதத்தைப் படித்ததும் வாயில் வந்தது இதுதான். அறையில் தனியாக இருந்தேன், சத்தமாகவே சொன்னேன். பிறகு ஏழு வாரம் எதுவும் எழுத வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இல்லை. நான் இங்கே வந்தது உன்னால் இல்லை. எண்ணூர் கேம்ப்பில் ஒரு அம்மா, கடலுக்குக் கொடுத்த பிள்ளையின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் எடுத்து மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார். எட்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பேசத் தெரியவில்லை, உட்காரத் தெரிந்தது. இதுதான் என் வேலை என்று அங்கேதான் முடிவானது. பாட்டும் அங்கேதான் வந்தது.

ஆனால் பாதி உண்மையோடு நிறுத்தக் கூடாது. இங்கே வருகிறவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டும். என்னோடு வந்தவர்கள் அழுதுகொண்டே விட்டார்கள். எனக்குப் பியானோவை விடுவது எளிதாக இருந்தது. அழுகையே வரவில்லை. அதை எளிதாக்கியவன் நீ. அது எனக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை. நாலு வருடம் உன் மேல் கோபமாக இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் அதையே சொல்லிச் சொல்லி, சாமியாருக்கே அலுத்துப்போய், "வேறு பாவம் ஏதாவது செய்யுங்கள் சிஸ்டர்" என்றார். அதன் பிறகு கோபம் குறைந்தது. முழுதாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். டிசம்பர் 26 அன்று பாடும்போது கொஞ்சம் வரும். மறுநாள் போய்விடும்.

அன்று உன் சட்டையைப் பிடிக்காதது ஏன் என்று யோசித்தேன். நீ கீபோர்டில் உட்கார்ந்திருந்தபோது உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அது அன்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது அது கோழைத்தனமாகவும் தெரிகிறது.

மைக்கில் சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். சொல் என்றால் என் பேரில் சொல்வாய். வேண்டாம் என்றால் என் பேரில் மறைப்பாய். இரண்டுக்கும் நான் வர மாட்டேன். இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள்.

மழை பலமாக வரும் என்கிறார்கள். பியானோவை ஜன்னலை விட்டுத் தள்ளி வை.

ஷாலு

ராயபுரம்
29 டிசம்பர் 2024

அன்பு ஷாலு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து, உனக்கும் எல்லா சிஸ்டருக்கும். உடம்பு பரவாயில்ல. புயல் மழையில சந்துல முட்டி வரைக்கும் தண்ணி. பியானோவுக்குக் கீழ செங்கல் குடுத்துட்டேன், தப்பிச்சுது.

சொல்லிட்டேன்.

சாயங்காலப் பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல மேடை. சால்வை போட்டாங்க, மைக் குடுத்தாங்க. "இந்தப் பாட்டு நான் போட்டது இல்ல, என் தங்கச்சி ஷாலு போட்டது, நான் பொய் சொல்லி என் பேரைப் போட்டுக்கினேன்"னு சொன்னேன். மைக் செட் ரகுபதி, நான் அழுவறேன்னு நெனச்சு சவுண்டைக் கொறச்சுட்டான். பின்னால இருந்தவங்க "இன்னா சொல்றாரு? இன்னா சொல்றாரு?"ன்னாங்க. சவுண்டு ஏத்துப்பான்னு கேட்டு மறுபடியும் மொதல்லேருந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. மொத தடவைய விட ரெண்டாம் தடவைதான் கஷ்டமா இருந்துச்சு.

ஒருத்தன் சிரிச்சான். பேரவைத் தலைவர் மேடைக்குப் பின்னால கூட்டினு போய், "இருவது வருஷமா எங்களைக் கேனயனாக்கினியா? அத்த இன்னிக்கித்தான் சொல்லணுமா? பதினோரு பங்கு பார்க்குது"ன்னார். தப்புதான்னு சொன்னேன். சால்வைய மடிச்சு அவர் கையில குடுத்தேன். கேடயத்தை எங்க வெக்கிறதுன்னு தெரியல, படிக்கட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

பாட்டு பாடினாங்க. வேற ஒருத்தர் வாசிச்சார். நான் வாசல் கேட்டாண்ட நின்னு கேட்டேன். அந்த வாசல்ல நின்னு கேட்டது இதுதான் முதல் தடவை.

காசிமேட்டுல மீன் விக்கிற வயசான அம்மா ஒருத்தங்க வெளிய வரும்போது என் கையப் புடிச்சாங்க. "உன் தங்கச்சியா? ஒல்லியா, கேம்ப்ல கஞ்சி ஊத்துமே, அதுவா? இன்னும் உசுரோட கீதா அது?"ன்னாங்க. கீதும்மா, மடத்துலன்னேன். "ரெண்டாவது சரணம் வரச்சொல்லோ என் புள்ளைய நெனச்சுக்கினுதான் பாடுவேன். அதாண்ட சொல்லு"ன்னாங்க. சொல்லிட்டேன்.

ஃபாதர் கோச்சுக்கல. ஆனா கொஞ்ச மாசம் கீபோர்டுக்கு வர வேணாம், ஜனங்க ஆறட்டும்னார். இன்னிக்குப் பூசைக்கு கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். பக்கத்துல இருந்தவங்க கொஞ்சம் நகர்ந்து உக்காந்தாங்க. எடம் விட்டாங்களா, தள்ளிப் போனாங்களான்னு தெரியல. தாள்ல பேரை மாத்துறதைப் பத்திப் பேரவை கூடி முடிவு எடுக்குமாம்.

வூட்டுல யோஹானா அம்மா நாலாவது உருப்படி இப்ப கடைசி வரைக்கும் வருது. ஜன்னத் அக்காவும் மக வூட்டுக்குப் போயிட்டாங்க. வாசிச்சு முடிச்சா ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம்தான் கேக்குது.

நான் உன்னைப் பார்க்க வரலாமா?

அண்ணன்
ஜோபின்

தியான மடம்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு ஆசீர். நான் நலம். பனி அதிகம். அப்ப அச்சுக்குப் பக்கத்தில் நிற்பதால் எனக்குக் குளிர் தெரிவதில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அந்த மீன்காரம்மா சொன்னதை மட்டும் மூன்று தடவை படித்தேன். அவர் பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டு வை, ஜெபத்தில் சேர்க்க வேண்டும். 26 அன்று இங்கேயும் பாடினோம். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. தாளில் உன் பேர்தான் இருந்தது, பாடினேன். மற்றபடி அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

வா. பிப்ரவரி 8, இரண்டாம் சனிக்கிழமை. ஆனால் நொட்டேஷன் எதுவும் கொண்டுவராதே. யோஹானா அம்மாளைப் பற்றியும் பேச வேண்டாம். எங்கோ நூற்று இருபத்தைந்து வருடம் முன்பு போன ஒருத்தி எந்தக் கையுறையை வெட்டினாள், ரொட்டியோடு எந்த மீனைத் தின்றாள் என்பதுவரை எனக்கு எழுதினாய். அம்மா எப்படிப் போனார் என்று நீ எழுதியதே இல்லை. "அம்மா காலமானார், வியாழன் அடக்கம்" என்று ஒரு வரி வந்தது. அது என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். அச்சில் அப்பம் இருந்தது, கருகிவிடும் என்று சுட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதன் பிறகு நீ பூசைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதுகிறாய்.

கடைசி மாதம் அம்மா எழுந்து நடந்தாரா? யார் குளிப்பாட்டியது? நீயா? கஞ்சி இறங்கியதா? என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல். கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல், நாள் வாரியாகச் சொல்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம்தான். வீட்டில் மரணம் என்றால் மூன்று மணி நேரம் தருவார்கள். மதரிடம் போய்க் கேட்டேன். "எப்போது நடந்தது சிஸ்டர்?" என்றார். மூன்று வருடம் ஆகிறது, ஆனால் எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றேன். மூன்று மணி நேரம் கொடுத்திருக்கிறார்.

காலையிலேயே வந்துவிடு. வழியில் சாப்பிட்டுவிட்டு வா, மாத்திரையை மறக்காதே.

ஷாலு